தோற்ற அணி எப்படி சாம்பியன் ஆனது? கார்க் ஹர்லிங், 2024

கேள்வி இதுதான்: "2024 அக்டோபரில் அயர்லாந்தின் கார்க் கவுண்டி ஹர்லிங் ஃபைனலில் இமோகில்லியிடம் சார்ஸ்ஃபீல்ட்ஸ் தோற்றது. டிசம்பரில் பார்த்தால் அதே சார்ஸ்ஃபீல்ட்ஸ் மன்ஸ்டர் மாகாணக் கோப்பையோடு நிற்கிறது. சொந்தக் கவுண்டியிலேயே ஜெயிக்காதவர்கள் மாகாணத்துக்கு எப்படிப் போனார்கள்? ஜெயித்த இமோகில்லி எங்கே போனது?"

(ஹர்லிங் என்பது அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டம். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி.) ஒரு வரியில் சொன்னால், இமோகில்லி ஒரு கிளப்பே இல்லை. மாகாணப் போட்டி கிளப்புகளுக்கு மட்டும். அதனால் ஃபைனலுக்கு வந்த கிளப், தோற்றிருந்தாலும், கார்க் சார்பில் போகிறது. சரி, கிளப்பே இல்லாத அணி கவுண்டி சாம்பியன்ஷிப்பை எப்படி ஜெயித்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது.

நான் கார்க்குக்கு வந்தது 2017-ல். அந்த வருஷமும் சாம்பியன் இமோகில்லிதான். ஃபைனலில் தோற்ற பிளாக்ராக் மன்ஸ்டருக்குப் போனது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் "தோற்றவர்கள் ஏன் போகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்றார். மதிய உணவு இடைவேளை முழுக்கப் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் இதே கதை: 2018-ல் இமோகில்லி ஜெயித்து மிடில்டன் போனது, 2019-ல் இமோகில்லி ஜெயித்து க்ளென் ரோவர்ஸ் போனது. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

ஆட்டத்தையே பார்க்காதவர்களுக்காக அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர். கையில் ஹர்லி என்ற மட்டை. ஹாக்கி மட்டையைவிட நுனி அகலமானது. பந்தின் பெயர் ஸ்லிட்டர், நூறு கிராமுக்குச் சற்றே மேல் எடை, தோல் போர்த்தியது. கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்துபோல் இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு மூன்று பாயின்ட். ஸ்கோரை 1-23 என்று எழுதுவார்கள்: ஒரு கோல், 23 பாயின்ட், ஆக மொத்தம் 26. முதல் தடவை நான் செய்தித்தாளில் பார்த்தபோது யாரோ 23 கோல் வித்தியாசத்தில் நொறுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பந்தை மட்டையில் நிறுத்தியபடி ஓடலாம், ஆகாயத்தில் பறக்கும் பந்தைக் கையால் பிடிக்கலாம், தலைக்கு மேலே மட்டையைச் சுழற்றலாம். தலைக்கவசம் 2010-லிருந்து எல்லோருக்கும் கட்டாயம். அதற்கு முன்னால் வெறுந்தலையோடு ஆடியவர்களும் உண்டு என்று சொன்னால் என் அம்மா இன்னும் நம்பவில்லை.

அடுத்து, கிளப் என்றால் என்ன? நம் ஊரில் கிளப் என்றதும் சங்கமோ, ஐபிஎல் மாதிரி ஏலத்தில் ஆள் எடுக்கும் நிறுவனமோ நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. 1884-ல் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்ட ஜிஏஏ என்ற சங்கம்தான் ஹர்லிங்கையும், அயர்லாந்தின் சொந்தக் கால்பந்தான கேலிக் கால்பந்தையும் நடத்துகிறது. அதன் அடித்தளம் கிளப். கிளப்பின் அடித்தளம் பங்கு, அதாவது ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த ஊர். பிறந்த பங்குக்குத்தான் ஆடுவார்கள், பெரும்பாலும் சாகும்வரை அதே கிளப்தான். சம்பளம் கிடையாது. தலைநகர் டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் கோல் அடித்தவர் அடுத்த நாள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது பால் பண்ணையில் இருப்பார். செலவுக்குப் பணம் வார லாட்டரிச் சீட்டு விற்று வருகிறது.

ஒரு சாதாரண குரூப் ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். டிவியில் தெரியாதது அங்கே தெரியும். ஒவ்வொரு கோல் கம்பத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் நிற்பார்கள், கசாப்புக் கடைக்காரர்கள் மாதிரி. அவர்கள்தான் கோல் நடுவர்கள். பாயின்ட் என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சைக் கொடி. குனிந்து கொடியை எடுக்கும் கை எந்தப் பக்கம் போகிறது என்று மொத்தக் கூட்டமும் பார்க்கும். பெரும்பாலும் அந்த நால்வரும் நடுவரோடு ஒரே காரில் வந்திறங்கிய அவருடைய ஊர்க்காரர்கள். ஆள் மாற்ற வேண்டும் என்றால் பயிற்சியாளர் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புவார். மழை நாளில் அந்தச் சீட்டு கூழாகிவிடும். இடைவேளை விசில் அடித்ததும் பெரியவர்கள் டீ வாங்கப் போக, வேலியோரம் காத்திருந்த ஐம்பது அறுபது பிள்ளைகள் அவரவர் குட்டி மட்டையோடு மைதானத்துக்குள் பாய்வார்கள். பத்து நிமிஷம் எல்லாத் திசையிலும் பந்து பறக்கும். எந்தப் பந்து யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்றுவரை மர்மம். என் பையனும் அந்தக் கும்பலில் ஒருவன். அவன் மட்டையை அங்குலக் கணக்கில் வாங்க வேண்டும், வருஷத்துக்கு ஓர் அளவு. ஒரு கடையில் இரண்டு அங்குலம் பெரிதாகக் கொடுத்துவிட்டார்கள். அந்த சீசன் முழுக்கப் பையன் பந்தைவிடத் தரையைத்தான் அதிகம் அடித்தான்.

மட்டையைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். ஹர்லி செய்வது ஆஷ் என்ற மரத்தில். அடிமரம் வேராக விரியும் இடத்தில் வெட்டுவார்கள். அங்கேதான் மரத்தின் ரேகை வளைந்து ஓடும். மட்டை நுனியின் வளைவோடு அந்த ரேகையும் சேர்ந்து வளைந்தால்தான் அடி தாங்கும். 2012-ல் ஒரு பூஞ்சை நோய் அயர்லாந்தின் ஆஷ் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது மரத்துக்கே தட்டுப்பாடு. மூங்கில் மட்டையும் செயற்கைப் பொருள் மட்டையும் சந்தைக்கு வந்துவிட்டன. பழைய ஆட்கள் "சத்தம் சரியில்லை" என்பார்கள். ஆஷோடு ஆஷ் மோதும் சத்தம் வேறு, அது உண்மைதான்.

சரி, கார்க் கவுண்டிக்கு வருவோம். அயர்லாந்திலேயே பரப்பளவில் பெரிய கவுண்டி இது. ஹர்லிங்கில் மேல்மட்டப் போட்டியின் பெயர் பிரீமியர் சீனியர். 2020-ல் திருத்தியமைத்தபின் 12 கிளப்புகள், நான்கு நான்காக மூன்று குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு அணி மேலே போகும். கடைசியில் வருபவர்கள் கீழ்மட்டத்துக்கு இறங்காமல் இருக்க அடித்துக்கொள்வார்கள். கீழே சீனியர் ஏ, அதற்கும் கீழே பிரீமியர் இன்டர்மீடியட் என்று மாடிப்படி போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் படிக்கட்டு பெரிய கிளப்புகளுக்குச் சாதகம். பிளாக்ராக், க்ளென் ரோவர்ஸ், செயின்ட் ஃபின்பார்ஸ் என்ற மூன்று நகரக் கிளப்புகளும் மட்டுமே எண்பதுக்கும் மேற்பட்ட கவுண்டி பட்டங்களைப் பங்குபோட்டுக் கொண்டிருக்கின்றன. முந்நூறு வீடு இருக்கும் ஒரு கிராமத்தில் அபூர்வமாக ஓர் அற்புத ஆட்டக்காரன் பிறந்தால் என்ன செய்வான்? கிளப் மாறுவது துரோகம். கிளப்பிலேயே இருந்தால் வாழ்நாள் முழுக்கக் கீழ்மட்டம்தான். இதற்குக் கார்க்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் பிரிவு அணி. கவுண்டியைச் சில பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கீழ்மட்டத்தில் ஆடும் சின்னக் கிளப்புகளின் ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் அணி கட்டலாம் என்று அனுமதித்தார்கள். மேற்கே கார்பரி, வடக்கே அவன்டூ, வடமேற்கே டுஹாலோ, கிழக்கே இமோகில்லி. இவற்றோடு பல்கலைக்கழக அணிகளும் சேர்ந்து தனியாக ஒரு சுற்று ஆடும். அதில் தேறுபவர்கள் நாக்-அவுட் கட்டத்தில் பெரிய கிளப்புகளோடு வந்து மோதுவார்கள்.

இமோகில்லி என்பது ஓர் ஊரின் பெயர் அல்ல, கிழக்குக் கார்க்கின் பழைய வட்டாரப் பெயர். அந்த அணிக்கு என்று ஒரு பங்கு இல்லை, சின்னப் பிள்ளைகள் அணி இல்லை, லாட்டரிச் சீட்டு இல்லை. ஆனால் ஆள் பலம் இருக்கிறது. கிறிஸ்டி ரிங் பிறந்த க்ளாயின் இந்த வட்டாரம்தான். ஹர்லிங்கில் அவர் பெயரை நம் ஊரில் எம்ஜிஆர் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார்கள். 2024-ல் கார்க் கவுண்டி அணியில் ஆடிய சீமஸ் ஹார்னடியின் கிளப் செயின்ட் ஐடாஸ். கியரன் ஜாய்ஸின் கிளப் காசில்மார்ட்டர். இரண்டும் இந்த வட்டாரத்தவை. இப்படிப்பட்டவர்கள் ஒரு வாரம் தங்கள் ஊருக்கு, இன்னொரு வாரம் இமோகில்லிக்கு என்று ஒரே கோடையில் இரண்டு சாம்பியன்ஷிப் ஆடுவார்கள். 1997, 1998, அப்புறம் 2017 முதல் 2019 வரை ஹாட்ரிக். 2024-க்கு முன் இமோகில்லி கணக்கு இதுதான்.

இப்போது அந்த சீசன். 2024 ஜூலை 21 அன்று க்ரோக் பார்க்கில் கவுண்டிகளுக்கு இடையிலான அகில அயர்லாந்து ஃபைனல். கூடுதல் நேரம்வரை போய் கிளேர் 3-29, கார்க் 1-34. கூட்டிப் பாருங்கள், 38-க்கு 37. ஒரே ஒரு பாயின்டில் போனது. 2005-க்குப் பிறகு கார்க்குக்கு அந்தக் கோப்பை இல்லை, ஊரே அன்றைக்கு எழவு வீடு. ஆனால் காலண்டர் யாருக்கும் காத்திருப்பதில்லை. சில வருஷங்களாகக் கவுண்டி அணிகளுக்கு வருஷத்தின் முதல் பாதி, கிளப்புகளுக்கு இரண்டாம் பாதி என்று பிரித்துவிட்டார்கள். க்ரோக் பார்க்கில் ஒன்றாக அழுதவர்கள் கொஞ்ச நாளிலேயே வேறு வேறு நிறச் சட்டையில் ஒருவர் விலாவில் ஒருவர் தோளை இடித்துக்கொண்டிருந்தார்கள். கிளப் ஹர்லிங்கில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஆற அமரத் துக்கப்பட நேரமே கொடுக்காது.

சார்ஸ்ஃபீல்ட்ஸ் அந்த சீசனுக்குள் நடப்புச் சாம்பியனாக வந்தது. ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்வது "சார்ஸ்". கொரோனா காலத்தில் சுவரில் அந்தப் பெயரைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். 17-ஆம் நூற்றாண்டுத் தளபதி பேட்ரிக் சார்ஸ்ஃபீல்டின் பெயர் அது. தர்லஸில் ஒரு சார்ஸ்ஃபீல்ட்ஸ், கால்வேயில் ஒரு சார்ஸ்ஃபீல்ட்ஸ் என்று ஊருக்கு ஊர் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் பேசுவது கார்க் நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் கிளான்மையர், ரிவர்ஸ்டவுன் பகுதியின் கிளப்பைப் பற்றி. ஒரு காலத்தில் கிராமம். இப்போது நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு வாங்கும் இடம்.

இந்தக் கிளப்பின் வரலாற்றில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 1957-ல் கவுண்டி பட்டம் வென்றார்கள், அடுத்தது 2008-ல். 51 வருஷம். அந்த இடைவெளிக்குள்தான் டெடி மெக்கார்த்தி ஆடினார். 1990-ல் கார்க் அணியோடு ஹர்லிங்கிலும் கேலிக் கால்பந்திலும் ஒரே வருஷத்தில் அகில அயர்லாந்து சீனியர் பட்டம் வென்றவர். இன்றுவரை வேறு யாரும் அதைச் செய்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் சார்ஸ்ஃபீல்ட்ஸ் சட்டையில் கவுண்டி சீனியர் ஹர்லிங் பட்டம் வென்றதே இல்லை. 2023 ஜூனில் காலமானார். அதே வருஷம் அக்டோபரில் சார்ஸ்ஃபீல்ட்ஸ், 2014-க்குப் பிறகு முதல் தடவையாக, கவுண்டி சாம்பியன் ஆனது. அந்த வருஷம் மன்ஸ்டர் கோப்பை மட்டும் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னருக்கே போனது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சாம்பியனாகப் போன வருஷம் மாகாணம் கிடைக்கவில்லை.

2024 அக்டோபர் 20, பார்க் ஈ க்வீவ் மைதானம். இமோகில்லி 1-23, சார்ஸ்ஃபீல்ட்ஸ் 1-17. ஆறு பாயின்ட் வித்தியாசம், சாக்குச் சொல்ல இடமில்லாத தோல்வி. இந்த ஆட்டத்தின் விசித்திரம் என்னவென்றால், முதல் பந்து வீசப்படுவதற்கு முன்னாலேயே சார்ஸ்ஃபீல்ட்ஸ் மன்ஸ்டருக்குப் போவது உறுதி. எதிரில் நிற்பது பிரிவு அணி என்பதால், ஜெயித்தாலும் தோற்றாலும் கார்க் சார்பில் போகப்போவது இவர்கள்தான். அப்படியானால் ஈடுபாடு குறைந்திருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கிளான்மையரிலிருந்து கிழக்கே காரை எடுத்தால் இமோகில்லி வட்டாரம் கூப்பிடு தூரம். ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். அண்டை வீட்டுக்காரனிடம் தோற்க யாருக்கும் ஆசை இருக்காது. அதோடு கவுண்டி பட்டம் வேறு, மன்ஸ்டர் சீட்டு வேறு. சீட்டு கையில் இருப்பதால் பட்டம் போன வலி குறையாது. தோற்ற அணி மறுபடி பயிற்சிக்குக் கிளம்ப வேண்டியிருப்பது உண்மையில் இன்னும் கொடுமை. பொதுவாகத் தோற்றவர்களுக்குச் சில மாதம் மட்டையைத் தொடாமல் இருக்கும் உரிமை உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

மன்ஸ்டரில் சீனியர் கிளப் ஹர்லிங்குக்கு ஐந்து கவுண்டிகளின் அணிகள். அந்த வருஷ வரவு சுவாரஸ்யமானது. லிமெரிக்கிலிருந்து டூன், தன் வரலாற்றிலேயே முதல் கவுண்டி பட்டத்தோடு. கிளேரிலிருந்து ஃபீக்கல், 1988-க்குப் பிறகு முதல் தடவை. டிப்பரரியிலிருந்து லாக்மோர்-காசிலைனி, 2013-லும் 2021-லும் ஹர்லிங், கால்பந்து இரண்டு கவுண்டி பட்டங்களையும் ஏறக்குறைய அதே ஆட்களை வைத்து அடித்த கிராமம் அது. வாட்டர்ஃபோர்டிலிருந்து வழக்கம்போல் பாலிகன்னர். கார்க்கிலிருந்து, பட்டம் இல்லாமல் வந்த ஒரே அணி, சார்ஸ்ஃபீல்ட்ஸ்.

பாலிகன்னர் யார் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். வாட்டர்ஃபோர்ட் நகர ஓரத்து கிளப். 2014-லிருந்து அந்தக் கவுண்டி பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வந்தவர்கள். 2024-ல் அது தொடர்ச்சியாகப் பதினோராவது. மன்ஸ்டர் பட்டம் தொடர்ந்து மூன்று முறை, நான்காவதற்குக் காத்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் அகில அயர்லாந்து கிளப் ஃபைனலில் கில்கெனியின் பாலிஹேல் ஷாம்ராக்ஸை 2-17, 1-19 என்று ஒரே பாயின்டில் வென்றவர்கள். அதுவும் மாற்று ஆட்டக்காரராக வந்த ஹாரி ரடில் கடைசி மூச்சில் அடித்த கோலில். இப்படி ஓர் அணியை எதிர்த்து, சொந்தக் கவுண்டியில் தோற்ற அணி ஆடப்போகிறது. பந்தயம் கட்டுகிறவர்கள் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டிசம்பர் 1, தர்லஸ், செம்பிள் ஸ்டேடியம். கவுண்டி ஃபைனலில் தோற்று சரியாக ஆறு வாரம். சார்ஸ்ஃபீல்ட்ஸ் 3-20, பாலிகன்னர் 2-19.

டிசம்பர் ஹர்லிங் கோடை ஹர்லிங் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜூலையில் பந்து காய்ந்த தரையில் துள்ளி மட்டைக்கு வரும். டிசம்பரில் தரை ஈரம், பந்து கனத்துப்போகும், தூரத்திலிருந்து பாயின்ட் அடிப்பது கஷ்டம். அதனால் குளிர்கால ஆட்டங்களில் 1-12, 0-15 மாதிரி ஸ்கோர் வந்தால்கூட யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இந்த ஃபைனலில் இரண்டு அணியும் சேர்ந்து ஐந்து கோல், 39 பாயின்ட். அறுபது நிமிஷ ஆட்டத்தில். அதில் மூன்று கோல் பாலிகன்னர் வலைக்குள் விழுந்தவை. மாகாணத்தையே ஆண்டுகொண்டிருந்த அணிக்கு அது பழக்கமில்லாத அனுபவம்.

சார்ஸ்ஃபீல்ட்ஸின் முதல் மன்ஸ்டர் பட்டம் அது. கார்க் கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது 2009-ல் நியூடவுன்ஷாண்ட்ரம் ஜெயித்ததற்குப் பிறகு அப்போதுதான். இந்தப் பதினைந்து வருஷ வறட்சி கார்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்றால், 1972-லிருந்து 1979 வரையிலான எட்டு வருஷத்தில் ஏழு முறை அகில அயர்லாந்து கிளப் பட்டமே கார்க்குக்குத்தான் வந்தது. அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மன்ஸ்டரையே தாண்ட முடியாத கார்க் சாம்பியன்களைப் பார்ப்பது வாடிக்கையாகிப் போயிருந்தது. கடைசியில் தாண்டியது சாம்பியன் அல்ல, ரன்னர்-அப்.

அதன்பின் அகில அயர்லாந்து அரையிறுதி. எதிரணி வடக்கே டெர்ரி கவுண்டியின் ஸ்லாக்னீல். அரசியல் எல்லை எங்கே இருந்தாலும் ஜிஏஏவுக்கு முழுத் தீவும் ஒன்றுதான். அதையும் வென்று 2025 ஜனவரி 19 அன்று க்ரோக் பார்க் போனார்கள். முன்பெல்லாம் இந்த ஃபைனல் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளில் நடக்கும். 2020-லிருந்து குளிர்காலத்துக்கு நகர்த்திவிட்டார்கள். எதிரில் டப்ளினின் நா ஃபியானா. கிளாஸ்னெவின் பகுதியில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட மாபெரும் கிளப். நான் டிஜி4 சேனலில் பார்த்தேன். வர்ணனை முழுக்க ஐரிஷ் மொழியில். எனக்குத் தெரிந்த இரண்டே சொல் கோலுக்கான "கூல்", பாயின்டுக்கான "கூலீன்". அந்த இரண்டை வைத்துக்கொண்டே போதுமான அளவு வேதனைப்பட முடிந்தது. நா ஃபியானா 2-23, சார்ஸ்ஃபீல்ட்ஸ் 0-20. ஒன்பது பாயின்ட். பாலிகன்னரிடம் மூன்று கோல் அடித்தவர்கள் அன்று ஒன்றுகூட அடிக்கவில்லை. நா ஃபியானாவுக்கு அது முதல் அகில அயர்லாந்துப் பட்டம். அதே நாள், அதே மைதானத்தில், கிளப் கால்பந்து பட்டத்தை டப்ளினின் இன்னொரு கிளப்பான குவாலா வாங்கிப் போனது.

ஆகப் பதின்மூன்று வாரத்தில் சார்ஸ்ஃபீல்ட்ஸ் மூன்று ஃபைனல் ஆடியது. முதலாவது தோல்வி, நடுவில் வெற்றி, கடைசி தோல்வி. நடுவில் இருக்கும் அந்த ஒன்றை "கொல்லைப்புறமாக வந்த கோப்பை" என்று சிலர் கிண்டல் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவுண்டி சாம்பியன்ஷிப் ஒரு கேள்வி கேட்கிறது: கார்க்கில் எந்த 15 பேர் பலசாலி? மன்ஸ்டர் வேறு கேள்வி கேட்கிறது: எந்தப் பங்கு பலசாலி? முதல் கேள்விக்கு விடை இமோகில்லி. இரண்டாவதில் இமோகில்லி பரீட்சையே எழுதவில்லை. கார்க்கின் பங்குகளில் கடைசிவரை நின்றது சார்ஸ்ஃபீல்ட்ஸ்தான். யாரையும் ஏமாற்றிப் போகவில்லை.

பிரிவு அணிகளே வேண்டாம், ஒழித்துவிடுங்கள் என்று வாதிடுகிறவர்கள் கார்க்கில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வாதம் லேசானது அல்ல. ஒரு கிளப் ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்து, இருபது வருஷம் வளர்த்து, ஃபைனலுக்குக் கொண்டுவருகிறது. எதிரில் வந்து நிற்பவர்கள் யாரோ வளர்த்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கட்டிய அணி. 2017 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து அது நடந்தபோது பெரிய கிளப்புகள் எரிச்சல்பட்டதில் ஆச்சரியமே இல்லை. பக்கத்துக் கெர்ரி கவுண்டியில் கால்பந்தில் இதே சிக்கல் உண்டு. ஈஸ்ட் கெர்ரி என்ற பிரிவு அணி பட்டங்களாகக் குவித்திருக்கிறது. ஆனால் அவர்கள் கிளப்புகளுக்கு மட்டும் தனியாக இன்னொரு சாம்பியன்ஷிப் வைத்திருக்கிறார்கள், பிரிவு அணி ஜெயிக்கும் வருஷம் மாகாணத்துக்கு யார் போவது என்பதில் குழப்பமில்லை. கார்க் அப்படி ஒரு போட்டி வைத்தால் கேள்வியே எழாது. ஆனால் ஏற்கெனவே நெருக்கியடிக்கும் காலண்டரில் அதற்கு இடம் எங்கே?

எனக்கு ஓட்டு இருந்தால் பிரிவு அணி இருக்கட்டும் என்றுதான் போடுவேன். காரணம் ஒன்றே ஒன்று: அது இல்லாவிட்டால் சின்ன ஊரில் பிறந்தவன் பெரிய ஊருக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போவான். பங்கு என்ற ஏற்பாடே கரைந்துபோகும். ரன்னர்-அப் மாகாணத்துக்குப் போகும் அபத்தத்தை அதற்கான வரியாகக் கட்டிவிடலாம்.

கடைசியாக, இமோகில்லி எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குப் போனது. கவுண்டி சாம்பியனுக்கான சான் ஓக் மர்ஃபி கோப்பையைத் தூக்கிய அன்றோடு அந்த அணிக்கு சீசன் முடிந்தது. மன்ஸ்டரும் இல்லை, க்ரோக் பார்க்கும் இல்லை. காசில்மார்ட்டர் ஆள் காசில்மார்ட்டருக்கு, லிஸ்கூல்ட் ஆள் லிஸ்கூல்டுக்கு. சார்ஸ்ஃபீல்ட்ஸ் டிசம்பர் இருட்டில் விளக்கு போட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அவர்களைத் தோற்கடித்தவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.